ரவுட்டர் வாங்குவதா, ஃபயர்வால் செய்வதா? வீட்டு நெட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு



நம் உறுப்பினர்கள் பலரது வீடுகளில் இப்போது ஒரு கேள்வி எழுந்துள்ளது. விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர்கள் பில் போடும் மேசையிலிருந்து இறங்கி, பரணுக்கும் குடோன் மூலைக்கும் போய்விட்டன. அவற்றைப் பார்த்து, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள், "இதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள் அப்பா, இதிலேயே வீட்டு நெட்டுக்கு ஒரு ஃபயர்வால் செய்துவிடலாம்" என்கிறார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரரோ, "அதெல்லாம் எதற்கு அண்ணாச்சி, நல்ல ரவுட்டராக ஒன்று வாங்கி மாட்டுங்கள்" என்கிறார். பணம் எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். எனவே இரண்டையும் எடை போட்டுப் பார்க்கும் கடமையும் நம்முடையதே.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

"கடையிலே பூட்டு இருக்கிறது, வீட்டிலே என்ன போகப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோருக்குக் கடை கீழே, வீடு மேலே. அப்படி இல்லாவிட்டாலும், கடையடைத்த பிறகு இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்துதான் கணக்கு முடிக்கிறோம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் அங்கிருந்துதான் போகிறது. மில்லுக்கும் கம்பெனிக்கும் பணம் அங்கிருந்துதான் அனுப்புகிறோம். யாருக்கு என்ன விலை போட்டோம், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமெல்லாம் அந்த டேலிக் கணக்கில்தான் இருக்கிறது.

அதே இணைப்பில்தான் பிள்ளைகளின் செல்போன்கள், டி.வி., வாசலிலும் குடோனிலும் மாட்டிய கேமராக்கள், விருந்தாளிகள் கேட்டு வாங்கும் வைஃபை எல்லாமே ஓடுகின்றன. கல்லாப்பெட்டியும் வழிப்போக்கரும் ஒரே திண்ணையில் இருப்பது போன்ற நிலை இது. ஆகவே வீட்டு நெட் என்பது வீட்டு விஷயம் மட்டும் அல்ல. அது வணிக விஷயம்.

இரண்டும் என்ன செய்கின்றன?

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. இணைப்பு கொடுக்கும் கம்பெனி பொதுவாக நம் வீட்டுக்கு ஒரு வெளி முகவரிதான் தருகிறது. வீட்டுக்குள் பத்துக் கருவிகள் இருக்கும். அவற்றுக்கெல்லாம் 192.168 என்று தொடங்குவது போன்ற உள் முகவரிகளை வழங்கி, வந்து போகும் சரக்கைப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. நம் மண்டியில் கேட்டில் நிற்கும் ஆள் நோட்டு வைத்துக்கொண்டு செய்யும் வேலைதான் இது. உள்ளேயிருந்து யார் என்ன கேட்டார் என்று அது குறித்துக்கொள்கிறது. கேட்ட சரக்கு வந்தால் கேட்டவரிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் வாசலில் வந்து இறங்கும் மூட்டையை உள்ளே விடுவதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. ஒழுங்காக அமைத்த சாதாரண ரவுட்டரே ஃபயர்வாலின் முதல் வேலையைச் செய்துவிடுகிறது. வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவனைத் தடுக்க மட்டும் தனியாக ஒரு கம்ப்யூட்டர் தேவையில்லை.

வீட்டில் செய்யும் ஃபயர்வால் என்பது, ஒரு பழைய கம்ப்யூட்டரில் இரண்டு லேன் வாசல்களை வைத்து, ஒன்றில் வெளி இணைப்பையும் மற்றதில் வீட்டு இணைப்பையும் மாட்டி, நடுவில் அந்தக் கம்ப்யூட்டரைக் காவலுக்கு நிறுத்துவது. இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மோனோவால் என்ற மென்பொருளிலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்து வந்தது. அதிலிருந்து 2015-இல் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. ஐபிஃபயர் என்று இன்னொன்றும் உண்டு. இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. அலுவலகங்களிலும் பயன்படுகிற தரமான மென்பொருள்கள்.

இவற்றில் கிடைக்கும் வசதிகளை மறுப்பதற்கில்லை. கணக்குக் கம்ப்யூட்டருக்கு ஒரு தெரு, கேமராவுக்கு ஒரு தெரு, பிள்ளைகளின் செல்போனுக்கு ஒரு தெரு என்று பிரித்து, ஒரு தெருவில் நுழைந்தவன் அடுத்த தெருவுக்குப் போகாதபடி சுவர் எழுப்பலாம். எந்தக் கருவி எந்த நேரத்தில் எங்கே பேசியது என்று பதிவேடு பார்க்கலாம். வெளியூரிலிருந்து வீட்டுக் கணக்கைப் பார்க்கப் பாதுகாப்பான தனி வழி போடலாம். மலிவான ரவுட்டர் பலவற்றில் இந்த அளவுக்கு இடம் இல்லை. பிள்ளைகள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடந்தவை கற்றுத் தரும் பாடம்

ஆனாலும், உலகில் நடந்த பெரிய சேதங்களைப் பார்த்தால், பெட்டி எந்த ஜாதி என்பதால் அவை நடக்கவில்லை என்று தெரிகிறது.

2016-இல் மிராய் என்ற தீய நிரல் பரவியது. அது பிடித்தவை பெரும்பாலும் கேமராக்கள், அவற்றின் டி.வி.ஆர். பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள். அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனிகள் தயாரிக்கும்போதே வைத்து அனுப்பும் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளில் சுமார் 60-ஐ வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். யாரும் மாற்றாமல் விட்ட பெட்டிகள் எல்லாம் திறந்துகொண்டன. அந்தப் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற அமெரிக்கக் கம்பெனியைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்கும் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. வீட்டு வாசலில் கேமரா மாட்டியவர்களின் பெட்டிகளே, அவர்களுக்குத் தெரியாமல், இன்னொருவரை அடிக்கப் போன அடியாட்கள் ஆயின.

2017 மே 12-இல் பரவிய வான்னாக்ரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகளையெல்லாம் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே திணறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. சுமார் இரண்டு மாத காலம் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

2018 மே மாதத்தில் வி.பி.என்.ஃபில்டர் என்ற நிரல், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் புகுந்திருப்பது வெளிவந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2025 மே மாதத்திலும் அதே எஃப்.பி.ஐ., கம்பெனி ஆதரவு நின்றுபோன பழைய ரவுட்டர்களைத் திருடர்கள் பிடித்து, தங்கள் முகத்தை மறைத்துக்கொள்ளும் வழியாக மற்றவர்களுக்கு விற்கிறார்கள் என்றும், அப்படிப்பட்டவற்றை மாற்றிவிடுங்கள் என்றும் எச்சரித்தது. இது நமக்கும் பொருந்தும். யாரோ செய்த மோசடிக்கு நம் வீட்டு முகவரி காட்டப்பட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

இவற்றிலிருந்து தெரிவது இரண்டு. மாற்றாத பாஸ்வேர்டு ஒன்று. போடாத அப்டேட் இன்னொன்று. வாங்கிய ரவுட்டரிலும் இந்த இரண்டும் நடக்கும். வீட்டில் செய்த ஃபயர்வாலிலும் நடக்கும்.

காலாவதித் தேதி எங்கே?

நம் தொழிலில் ஒரு பாக்கெட் சேமியாவைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது காலாவதித் தேதியை. தேதி இல்லாத பாக்கெட்டை வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம். ரவுட்டரும் அப்படிப்பட்ட சரக்குதான். கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தும் நாளே அதன் காலாவதி நாள். அதற்குப் பிறகும் விளக்கு எரியும், நெட் வரும், வைஃபை கிடைக்கும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. கெட்டுப்போன எண்ணெயாவது வாடை காட்டும். இது காட்டாது. அந்தத் தேதியைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்த ஃபயர்வாலுக்கும் காலாவதி உண்டு. அந்த மென்பொருளுக்கு அப்டேட் வரும். ஆனால் அதைப் பார்த்துப் போட ஒருவர் வேண்டும். செய்து வைத்த பையன் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகும் நாளே அதன் காலாவதி நாள். அதற்குப் பிறகு நெட் நின்றால், வீட்டிலிருப்பவர்களுக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்றே தெரியாது. மென்பொருளும் ஒருநாள் நின்றுபோகலாம். மேலே சொன்ன மோனோவாலே 2015 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. விவரம் அறிந்தவர்கள் அடுத்ததற்கு மாறிக்கொண்டார்கள். மாறச் சொல்ல ஆளில்லாத வீடுகளில் அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

மிளகாய்த்தூள் விற்கும் நமக்கு இது புதிதல்ல. வீட்டில் காயவைத்து அரைத்த தூளுக்கு ஈடு கிடையாது. ஆனால் காயவைக்கவும் அரைக்கவும் சலிக்கவும் ஆள் உள்ள வீட்டுக்குத்தான் அது சரிப்படும். ஆளில்லாத வீட்டுக்குப் பாக்கெட் தூள்தான் உகந்தது. அதையும் தேதி பார்த்து வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது, செலவு இல்லையே" என்று சொல்வது வணிகருக்கு அழகல்ல. காவல் என்றால் 24 மணி நேரமும் ஓட வேண்டும். பழைய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று 70 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 720 மணி நேரத்துக்கு 50 யூனிட் ஆகிறது. 10 வாட் எடுக்கும் ரவுட்டருக்கு 7 யூனிட். மாதம் 43 யூனிட் கூடுதல். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால், ஆண்டுக்கு 4,100 ரூபாய்க்கு மேல் மின்கட்டணமாகவே போய்விடும். அந்தப் பணத்துக்கு நல்ல ரவுட்டர் ஒன்றே வாங்கிவிடலாம்.

இது தவிர இரண்டாவது லேன் கார்டு வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து வீடு முழுக்க வைஃபை சரியாக வராது. அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். மின்சாரம் திடீரென்று போனால் பழைய ஹார்டு டிஸ்க் தாங்காது, யு.பி.எஸ். வேண்டும். மிகப் பழைய 32-பிட் கம்ப்யூட்டரில் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டின் இன்றைய பதிப்பும் ஏறாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறிய கம்ப்யூட்டர் வாங்கிச் செய்யலாம் என்றால், பழையதை வைத்துச் செலவில்லாமல் முடிக்கிறோம் என்ற பேச்சே அங்கு இல்லாமல் போகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, நெட் நின்றுபோகும் நாளின் செலவு. ரிட்டர்ன் கடைசித் தேதியன்று ஃபயர்வால் படுத்துக்கொண்டு, செய்தவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? ரவுட்டர் கெட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று வாங்கி அன்றைக்கே மாட்டிவிடலாம்.

நம் கருத்து

ஆகவே நம் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு உகந்தது, அப்டேட் தொடர்ந்து வரும் கம்பெனியின் ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதை ஒழுங்காக அமைத்து, சாவியை நம் கையில் வைத்துக்கொள்வதே.

வீட்டிலேயே இருந்து தொழிலையும் கவனித்து, கம்ப்யூட்டரிலும் கை தேர்ந்த மகனோ மகளோ மருமகளோ உள்ள வீட்டில் ஃபயர்வால் செய்வதை நாம் தடுக்க மாட்டோம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். அமைத்த விதத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அது நின்றுபோனால், அதைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கு ஒரு சாதாரண ரவுட்டர் அலமாரியில் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், பரணில் இருக்கும் கம்ப்யூட்டரை அவர்களிடம் கொடுத்து, கணக்கு ஓடாத தனி இணைப்பில் பழகச் சொல்லலாம். கற்றுக்கொள்கிற ஆசையை நாம் கெடுக்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. லிங்க்சிஸ் டபிள்யு.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரின் மூலநிரல் 2003-இல் வெளியே வந்தது. அதைக் கொண்டு 2004-இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. என்ற இலவச மென்பொருள். கம்பெனி கைவிட்ட ரவுட்டர் சிலவற்றுக்கு இது மறுவாழ்வு தருகிறது. எல்லா மாடலுக்கும் பொருந்தாது. தவறாக ஏற்றினால் பெட்டி உபயோகமற்றுப் போகும். இதற்கும் விவரமறிந்த ஆள் வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

1. இந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்? கடைசி அப்டேட் எப்போது வந்தது?
2. அப்டேட் தானாக ஏறுமா, நாம் போய்ப் போட வேண்டுமா?
3. வைஃபைக்கு டபிள்யு.பி.ஏ.3 பாதுகாப்பு உண்டா?
4. விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை பிரிக்க முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

மாட்டியவுடன் செய்ய வேண்டியவை

1. பெட்டியுடன் வந்த அட்மின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். மாட்ட வந்த பையன் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பூட்டு வாங்கிய கடையிலேயே ஒரு சாவியை விட்டுவருவோமா?
2. புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். செல்போனில் படம் எடுத்து வைப்பது வேண்டாம்.
3. வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். டபிள்யு.பி.எஸ்., யு.பி.என்.பி. ஆகிய இரண்டையும் அணையுங்கள். இரண்டாவது உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமல் வாசலைத் திறக்க இடம் கொடுப்பது.
4. வெளியூரிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் தனி வாசல் திறந்துவிடச் சொல்லாதீர்கள். கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.
5. கேமரா, டி.வி., விருந்தாளிகள் எல்லாம் தனி வைஃபையில் இருக்கட்டும். கணக்குக் கம்ப்யூட்டர் வேறாக இருக்கட்டும்.
6. மாதம் ஒருமுறை, சரக்கு இருப்பு எடுக்கும் அன்றே, ரவுட்டருக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
7. கணக்கின் நகலை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து, கழற்றித் தனியே வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ரவுட்டரோ ஃபயர்வாலோ, நாமே வாயால் சொல்லிவிடும் ஓ.டி.பி.யைத் தடுக்காது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. நெட்டில் இணையும் பொருள்களை எல்லோருக்கும் ஒரே மாதிரியான, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுடன் விற்கக் கூடாது. குறைந்தது எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்பதையும் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும். ஒரு பாக்கெட் கடுகுக்குத் தேதி போடச் சொல்லி நம்மைக் கேட்கும் அரசு, ரவுட்டர் பெட்டியின் மேலும் அப்டேட் நிற்கும் தேதியை அச்சிட வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்கட்டும். இக்கோரிக்கையை நம் சங்கம் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.

அதுவரை நம் சங்கத்திலேயே உள்ள கம்ப்யூட்டர் வியாபாரிகள், தாங்கள் விற்கும் ரவுட்டரின் அப்டேட் எந்த ஆண்டு வரை என்பதைப் பில்லில் எழுதித் தரலாம். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி என்று விவரமறிந்த இளைஞர்களைக் கொண்டு செய்து காட்டலாம். பழைய கம்ப்யூட்டரில் ஃபயர்வால் செய்யத் துடிக்கும் நம் பிள்ளைகளே அந்த வகுப்பை எடுக்கட்டும். அவர்கள் அறிவு ஒரு வீட்டுப் பரணில் நின்றுவிடாமல் நம் அனைவருக்கும் பயன்படும்.

இந்த இதழைப் படித்து முடித்தவுடன் உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அதன் மாடல் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். காலாவதியானது எது, ஆகாதது எது என்று சேர்ந்தே பார்த்துவிடுவோம்.